ஸ்பிரிங் ஏர் ரைபிள் உதைக்கிறதா, சிதறுகிறதா? அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் முறை

பேரலை, அதாவது குழலை, நாலு அங்குலம் அறுத்துவிட்டால் உதை குறையும், வாய்ப்பக்கம் ஓட்டை போட்டால் துள்ளாது என்ற யோசனை பொள்ளாச்சியிலிருந்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வரை ஏர் ரைபிள் வைத்திருப்பவர்களிடையே சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெடிமருந்துத் துப்பாக்கியில் வாய்ப்பக்க ஓட்டைக்கு ஒரு வேலை உண்டு. அங்கே பீறிட்டு வரும் சூடான வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். ஸ்பிரிங் ஏர் ரைபிளில் அப்படித் திருப்பிவிடும் அளவுக்கு வாயு இல்லை. உதை பேரலிலிருந்து வருவதும் இல்லை.

டிரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் தள்ள, கால் கிலோ எடையுள்ள பிஸ்டன் முன்னால் பாய்கிறது. அதற்கு எதிராகத் துப்பாக்கி தோள் பக்கம் வருகிறது. பிஸ்டன் சிலிண்டர் முனையை நெருங்கும்போது நடுவில் அடைபட்ட காற்று அதைத் தடுக்க, இப்போது துப்பாக்கி முன்னால் இழுபடுகிறது. ஆக, பின்னே ஒன்று, முன்னே ஒன்று என்று இரண்டு உதை. சுடும் ஈயக் குண்டான பெல்லட்டின் எடை அரை கிராம். பிஸ்டன் அதைப்போல் ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு. பெல்லட்டால் வரும் உதை இதன் முன் ஒன்றுமே இல்லை. இந்த ஆட்டமெல்லாம் பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடுகிறது என்பதுதான் சிக்கல். ஆட்டத்தை நிறுத்த முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆட வைக்க முடியும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான்.

பேரலை அறுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடலாம். பேரலைக் கீழே மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தும் வகைத் துப்பாக்கியில் பேரல்தான் நெம்புகோல். அது குட்டையானால் மடக்கக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும். நல்ல பேரல்களில் வாய்க்கு அருகே துளை கொஞ்சம் குறுகலாக இருக்கும், பெல்லட்டைக் கடைசியாக ஒரு அளவுக்குப் பிடித்து அனுப்புவது அந்தக் குறுகல்தான். அறுத்தால் அது போய்விடும். லேத் இல்லாமல் அறுத்த வாய் நேராக இருக்கவும் இருக்காது. இதற்கெல்லாம் மேலே சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்கக் கூடாது என்கிறது. அது மத்திய சட்டம், தமிழக-கேரள எல்லையில் உள்ள வாளையார் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். அந்த வசதியைக் கெடுத்துக்கொள்ளாமல் வேலை செய்வதே புத்திசாலித்தனம்.

முதலில் ஒரு அளவுகோல்

எதையும் கழற்றும் முன் இப்போதைய நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். காற்றில்லாத இடத்தில், 10 மீட்டரில் ஒரு வெள்ளைத்தாள். பின்னால் பழைய துணி அழுத்தி அடைத்த ஓர் அடிச் சதுர மரப்பெட்டி, அதன் முதுகில் 2 மி.மீ. இரும்புத் தகடு. வெறும் தகடோ கருங்கல் சுவரோ வேண்டாம், பெல்லட் திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே டப்பா பெல்லட்டில் பத்துச் சுடுங்கள். பத்துத் துளைகளில் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ள இரண்டின் நடுவுக்கு நடு அளந்து தாளிலேயே எழுதி வையுங்கள். மூன்று நான்கு சுட்டு முடிவு கட்ட வேண்டாம். மூன்று துளைகள் யாரையும் ஏமாற்றும்.

ஒரு மாற்றம், பத்துச் சூடு, ஓர் அளவு. இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவும் கூடாது. பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை பெல்லட் அடைப்பதால்தான் உருவாகிறது. அது இல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டர் முனையில் நேராக மோதும்.

துளைகள் நாலாபக்கமும் சிதறுகின்றன

பெரும்பாலும் காரணம் ஸ்க்ரூ. துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டையின் முன்பக்கம் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று, டிரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ. இரண்டு திசை உதை இவற்றைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். பாலக்காட்டு வானிலை மீதியைச் செய்யும். ஜூன், ஜூலை மழையில் மரக்கட்டை ஈரம் குடித்து உப்புகிறது. பிப்ரவரி, மார்ச்சில் கணவாய்க் காற்று அதை உலர்த்திச் சுருக்குகிறது. மழைக்காலத்தில் முறுக்கிய ஸ்க்ரூ மாசியில் கையாலேயே சுற்றும்.

வழி இது. எல்லா ஸ்க்ரூவையும் முழுதாகக் கழற்றி, புரியில் இருக்கும் எண்ணெயைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து உலரவிடுங்கள். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். ஸ்க்ரூ டிரைவரின் முனை காடியை முழுதாக நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் தலை சிதையும். கையால் இறுகும்வரை முடுக்கி, அதன்மேல் கால் சுற்று. அதற்கு மேல் முடுக்கினால் மரம் நசுங்கி, அடுத்த மாதம் மறுபடி தளரும். நசுங்கிவிட்டிருந்தால் தலைக்கு அடியில் ஒரு பல் வாஷர் போடலாம்.

ஸ்க்ரூ சரியாகி இன்னும் சிதறினால் பெல்லட்டைப் பாருங்கள். டப்பாவிலிருந்து இருபதைத் தட்டில் கொட்டி, விரிந்த பின்பக்கமான பாவாடையை வெளிச்சத்தில் பாருங்கள். நசுங்கிய பாவாடை, ஓரத்தில் பிசிறு, தலையில் பள்ளம் இருப்பவற்றைத் தனியே போடுங்கள். மலிவு டப்பாவில் இருபதுக்கு நாலைந்து தேறாது. பிறகு பேரலில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கொஞ்சம் எதிர்ப்புக் காட்டி, பாவாடை விளிம்பு பேரலோடு சமமாக உட்கார வேண்டும். தானாக உள்ளே விழுந்தால் தலை சிறியது. பேனா முனையால் குத்தினால்தான் போகும் என்றால் பெரியது. 4.5 மி.மீ. என்று எழுதியிருக்கும் பெல்லட்டின் தலை 4.49 முதல் 4.53 வரை மாறும், அந்த நூற்றில் ஒரு பங்கு வித்தியாசம் தாளில் தெரியும். தட்டைத் தலை பெல்லட் 10 மீட்டருக்கு நல்லது, துளை சுத்தமாக வெட்டும். 20 மீட்டருக்கு மேல் உருண்டைத் தலை.

அடுத்தது பிடி. வெடிமருந்து ரைபிளைப்போல் தோளில் இறுக்கி, முன்கையால் கெட்டியாகப் பிடிப்பவர்கள் ஸ்பிரிங் துப்பாக்கியில் சிதறவிடுவார்கள். இறுக்கம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், துப்பாக்கியின் ஆட்டமும் அதோடு மாறும். முன்கை உள்ளங்கையை விரித்து, விரல்களை மூடாமல், கட்டை அதன்மேல் சும்மா உட்காரட்டும். கை எங்கே இருந்தது என்பதற்குக் கட்டையில் ஒரு டேப் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். தோளில் தொட்டால் போதும். கன்னம் எடை போடக் கூடாது. துப்பாக்கி தன் இஷ்டத்துக்குப் பின்னால் வந்து முன்னால் போகட்டும். மேசையில் மணல்மூட்டைமேல் நேராக வைத்துச் சுடுவதும் தப்பு, மூட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கை இருக்க வேண்டும்.

துளைகள் மேலும் கீழுமாக ஒரு கோட்டில் விழுகின்றன

இடவலம் சரி, உயரம் மட்டும் மாறுகிறது என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, பேரல் மடங்கும் மூட்டில் ஆட்டம். மற்றொன்று, வேகம் ஒவ்வொரு சூட்டுக்கும் மாறுவது.

மூட்டைச் சோதிக்க, பெல்லட் போடாமல் பேரலைப் பாதி மடக்கிப் பிடித்துக்கொண்டே இடவலமாக அசைத்துப் பாருங்கள். டக் டக்கென்று உணர்ந்தால் மூட்டு போல்ட் தளர்ந்திருக்கிறது. மூட்டு சரியாக இறுகிய துப்பாக்கியில், முழுக்க மடக்கியபின் பேரலை எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் தன் எடையில் கீழே விழாது. இந்தச் சோதனை முழுதும் ஒரு கை பேரலை விடவே கூடாது, விரல் டிரிகர் பக்கமே போகக் கூடாது. திறந்த நிலையில் டிரிகர் தட்டினால் பேரல் மேலே விசிறி அடித்து வளைந்துபோகும். உள்ளே விரல் இருந்தால் விரல் போகும். போல்ட்டை எட்டில் ஒரு சுற்றாக முடுக்கி, லாக் ஸ்க்ரூவைத் திரும்பப் போடுங்கள். சில மாடல்களில் போல்ட்டுக்குப் பதில் வெறும் ஊசி இருக்கும். அதில் இருபக்க வாஷரை மாற்றுவது ஒன்றே வழி.

வேகம் மாறுவது பெரும்பாலும் காற்றுக் கசிவால்.

பலம் குறைந்துவிட்டது, மூட்டுப் பக்கம் புஸ்ஸென்கிறது

மெல்லிய டிஷ்யூ பேப்பரில் ஒரு செ.மீ. அகலத் துண்டு கிழித்து, பேரலும் சிலிண்டரும் சேரும் இடுக்கின்மேல் குறுக்கே போட்டு, பெல்லட்டோடு சுடுங்கள். பேப்பர் பறந்தால் கசிவு. அங்கே இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தட்டையாகிவிட்டது, அல்லது வெடித்துவிட்டது.

இந்த உதிரிக்கு ஆன்லைனில் காத்திருக்க வேண்டாம். கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிக் கடை எதிலும் நைட்ரில் ஓ-ரிங் எல்லா அளவிலும் கிடைக்கும். பழையதை ஊசியால் நெம்பி எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் அது நசுங்கியிருக்கும் என்பதால் அதன் தடிமனை நம்பாமல், உட்காரும் பள்ளத்தின் உள்விட்டத்தையும் ஆழத்தையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதிய ரிங் பள்ளத்துக்கு மேல் 0.2 முதல் 0.3 மி.மீ. துருத்தி நிற்க வேண்டும். அதிகமாகத் துருத்தினால் பேரல் முழுதாகப் பூட்டாது, அதுவே மேலும் கீழுமாகச் சுட வைக்கும். குறைவாக இருந்தால் பள்ளத்தின் அடியில் விசிட்டிங் கார்டில் வெட்டிய வளையம் ஒன்றைப் போட்டு உயர்த்தலாம்.

ஓ-ரிங் மாற்றியும் பலம் திரும்பவில்லை என்றால் பிஸ்டன் வாஷர். பழைய இந்தியத் துப்பாக்கிகளில் அது தோல். காய்ந்துபோனால் பிடிக்காது. பேரலை மேலே பார்க்க நிறுத்தி, மூட்டுப் பக்கத்துக் காற்றுத் துளையில் இரண்டு சொட்டு எண்ணெய் (தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் கூடாது) விட்டு ஒரு ராத்திரி வைத்தால் பல தோல் வாஷர்கள் உயிர்பெறும். புதிய துப்பாக்கியின் செயற்கை வாஷருக்கு இந்த வைத்தியமே வேண்டாம். அதற்கு எண்ணெய் விட்டால் அடுத்த அறிகுறி வந்து நிற்கும்.

பட்டாசு போல் வெடிச் சத்தம், வாயில் புகை

எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது அது எக்கச்சக்கமாகச் சூடேறுகிறது, உள்ளே எண்ணெய்த் துளி இருந்தால் டீசல் இன்ஜினில்போல் பற்றிக்கொள்ளும். புதுத் துப்பாக்கியில் முதல் ஐம்பது சூட்டுக்குக் கொஞ்சம் புகை வருவது இயல்பு, தொழிற்சாலை எண்ணெய் எரிந்து தீரும். அதற்கு அப்புறமும் வந்தால் யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் அந்த எண்ணெய் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான். தலைக்கும் தோசைக்கும் நல்லது, சிலிண்டருக்கு இரண்டு விதத்தில் விஷம். சூட்டில் பற்றி வெடிக்கும். மார்கழி விடியலில் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து பிசினாகி பிஸ்டனை இழுத்துப் பிடிக்கும். காலையில் ஒரு வேகம், மத்தியானம் ஒரு வேகம். தையல் மெஷின் எண்ணெயும் வெடிக்கும்.

வெடிச் சத்தம் கேட்டால் பலம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டனைப் பின்னால் தள்ளி ஸ்பிரிங்கை வளைக்கிறது, வாஷரைக் கருக்குகிறது. கனமான பெல்லட்டில் முப்பது நாற்பது சூடு நிதானமாகச் சுட்டால் கொஞ்ச எண்ணெய் எரிந்து போகும். அப்போதும் நிற்காவிட்டால் சிலிண்டரைக் கழற்றித் துடைக்க வேண்டும்.

சுட்டதும் ‘டொய்ங்’ என்ற அதிர்வு, கன்னத்தில் குத்து

உதை என்று பலர் குறை சொல்வது உண்மையில் இந்த அதிர்வு. ஸ்பிரிங் அதன் உள்ளே நேராகத் தாங்கும் தண்டான கைடைவிடத் தளர்வாக இருக்கிறது, அல்லது கிரீஸ் காய்ந்துவிட்டது, அல்லது ஸ்பிரிங்கே வளைந்திருக்கிறது. சமதளக் கண்ணாடிமேல் ஸ்பிரிங்கை உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

ஆனால் அதை வெளியே எடுப்பதற்கு ஒரு நிபந்தனை. கோர்த்திருக்கும் ஸ்பிரிங் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கிறது. பின்முனை ஊசியைத் தட்டியதும் அடைப்பு தெறித்து வந்து பல்லை உடைக்கும். இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவே நீளத் திருகுக் கிளாம்ப் வைத்து, அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு மெதுவாக விடும் ஏற்பாடு இருந்தால் மட்டும் திறவுங்கள். இல்லையென்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

திறந்தால், ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் கெட்டியான டார் கிரீஸ் மெல்லிய பூச்சாக, உள்ளே தெரியும் கம்பி நிறம் மங்கும் அளவுக்குத்தான். பிஸ்டனின் பக்கங்களுக்கு மாலிப்டினம் கிரீஸ் விரல் நுனி அளவு. வாஷருக்கு முன்னால் ஒரு துளியும் போகக் கூடாது. ஸ்பிரிங்குக்கும் பிஸ்டன் உள்சுவருக்கும் இடைவெளி அதிகமிருந்தால் குளிர்பானப் பாட்டிலின் பிளாஸ்டிக்கில் ஒரு சுற்று வெட்டி உறையாகப் போடலாம். பிசிறில்லாமல் வெட்டுங்கள். இந்த ஒரு வேலைக்குப் பிறகு துப்பாக்கி வேறு துப்பாக்கியாகிவிடும். ‘டொய்ங்’ போய் ஒரு ‘தப்’ மட்டும் மிஞ்சும்.

பலமான ஸ்பிரிங் போட்டுத் தரட்டுமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 200 மீட்டரில் போனால் 10.6 ஜூல், தாளுக்குத் தாராளம். அதே பெல்லட்டை 275 மீட்டர் வேகத்துக்கு ஏற்றினால் 20 ஜூலைத் தாண்டிவிடும், உரிமம் வேண்டாத வகையிலிருந்து வெளியே போய்விடுவீர்கள். குறியும் கெடும், உதையும் கூடும்.

உதை இரண்டு விதம் என்பதையும் கவனியுங்கள். சுத்தியல் அடித்ததுபோல் கடுமையாக முடிந்தால் பெல்லட் மிக லேசு, அல்லது காற்று கசிகிறது. பிஸ்டனுக்கு மெத்தை போதவில்லை. முன்னும் பின்னும் இழுத்து ஊஞ்சலாடினால் பெல்லட் மிகக் கனம், பிஸ்டன் காற்றில் மோதித் திரும்பி எகிறுகிறது. 0.45 முதல் 0.68 கிராம் வரை மூன்று எடையில் வாங்கி, எதில் துப்பாக்கி அமைதியாக அடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே தாளிலும் நெருக்கமாகச் சுடும்.

வாய் மேலே துள்ளுகிறது

பேரலில் செய்யத்தக்க ஒரே மாற்றம் இங்கேதான். அறுப்பது அல்ல, எடை கூட்டுவது. வாய்ப்பக்கம் 150 முதல் 250 கிராம் வரை எஃகு அல்லது பித்தளை வளையம் போட்டால் துள்ளல் கண்ணுக்குத் தெரியும்படி அடங்கும், குறிபார்க்கும்போது முனை அலைவதும் குறையும். லேத்தில் பேரலின் வெளிவிட்டத்துக்கு 0.1 மி.மீ. கூடுதலாகத் துளை போட்டு, அடியில் தலையில்லாத எம்4 கிரப் ஸ்க்ரூ இரண்டு, பேரலுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் ஒரு நைலான் துண்டு. வளையத்தின் முன்விளிம்பு பேரல் வாயைத் தாண்டிப் போகக் கூடாது. தாண்டினால் காற்று அதில் மோதிப் பெல்லட்டைத் தட்டும். சத்தத்தைக் குறைக்கும் உருளை எதையும் இந்தச் சாக்கில் மாட்ட வேண்டாம். ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கான சத்தம் குறைக்கும் துணைக்கருவியையும் துப்பாக்கி என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது.

எடை கூட்டினால் துளைகள் விழும் இடம் மாறும். குறிபார்க்கும் சைட்டைப் புதிதாகச் சரிசெய்யுங்கள்.

எப்போதும் ஒரே பக்கம் தள்ளிப் போகிறது

முதலில் காற்றைக் கழித்துவிடுங்கள். கணவாயில் ஆனி, ஆடி மேற்குக் காற்றில் 25 மீட்டரில் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள். அரை கிராம் ஈயத்தை ஒன்றிரண்டு செ.மீ. நகர்த்த அந்தக் காற்று போதும். மதில் மறைவிலோ விடியற்காலையிலோ சுட்டுப் பாருங்கள்.

அப்போதும் போனால் பேரல் வாய். காது குடையும் பஞ்சுக்குச்சியை வாய்க்குள் கொஞ்சம் விட்டு, வெளியே இழுத்தபடி சுற்றுங்கள். ஓரிடத்தில் பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு. சுவரில் சாய்த்தது, ஜீப்பில் தலைகீழாக வைத்தது, இரும்புக் கம்பியால் வாய்ப்பக்கமிருந்து துடைத்தது, இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும்.

பேரலுக்குள் இரண்டங்குலம் ஆழத்தில் துணியடைப்பு வையுங்கள். உருண்டைத் தலைப் பித்தளை ஸ்க்ரூ ஒன்றை எடுத்து, தலையில் பித்தளை தேய்க்கும் பாலிஷ் தடவி, வாயில் வைத்துக் கையால் எட்டுப் போட்டபடி சுற்றுங்கள். ஸ்க்ரூவை டிரில் மெஷினில் மாட்டினால் கோணம் சாய்ந்துவிடும், கைதான் நல்லது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். விளிம்பு முழுதும் ஒரே அகலத்தில் பளபளக்கும் வளையம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பாலிஷைத் துடைத்து, அடைப்பை வாய்ப்பக்கமாகவே இழுத்து எடுங்கள்.

ஸ்கோப் நிலைகொள்ளவில்லை

வெடிமருந்து ரைபிளுக்குச் செய்த விலை உயர்ந்த ஸ்கோப்பும் ஸ்பிரிங் துப்பாக்கியின் முன்னிழுப்பில் சில நூறு சூட்டில் உள்ளே உடையும், ஏனென்றால் அது ஒரு திசை உதைக்கு மட்டுமே கட்டியது. ஏர் ரைபிளுக்கு என்று எழுதியிருப்பதையும், 10 மீட்டர் வரை ஃபோகஸ் வருவதையும் வாங்குங்கள். 100 மீட்டருக்கு அமைத்த ஸ்கோப்பில் 10 மீட்டரில் கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறி நகரும்.

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுன்ட், அது உட்காரும் ரயிலில் பின்னால் ஊர்ந்ததா என்று பென்சில் கோடு போட்டு வைத்துப் பாருங்கள். ஊர்ந்தால் நிறுத்து ஊசி உள்ள மவுன்ட் வேண்டும்.

ஸ்கோப்பின் உயரத் திருகு கடைசிவரை போய்விட்டது, இன்னும் கீழேயே விழுகிறது என்றால், மடக்கும் பேரல் இயல்பாகவே கொஞ்சம் தலை குனிந்திருக்கும். கடைசிச் சுற்றில் ஸ்கோப்பின் உள் ஸ்பிரிங் தளர்ந்து, குறி தானாக அலையும். பின்வளையத்தின் அடிப்பாதியில் ஒரு பிலிம் துண்டு வையுங்கள். இரண்டு வளையத்துக்கும் நடுவில் 100 மி.மீ. இருந்தால் 0.1 மி.மீ. தடிமன் 10 மீட்டரில் 10 மி.மீ. ஏற்றும். 0.3 மி.மீ.க்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும், சரிக்கட்டும் மவுன்ட்டுக்குப் போவதே மேல்.

நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தது, மழைக்குப் பின் கெட்டுவிட்டது

பேரலுக்குள் ஈயப் படிவும் மழைக்கால ஈரத்தில் மெல்லிய துருவும். தூண்டில் நரம்பை மடித்து மூட்டுப் பக்கமிருந்து விட்டு வாய்ப்பக்கம் எடுத்து, மடிப்பில் பனியன் துணித் துண்டைக் கோர்த்து இழுங்கள். முதலில் லேசாக எண்ணெய் தொட்ட துணி இரண்டு, பிறகு துணி வெள்ளையாக வரும்வரை உலர்ந்தது. இரும்புக் கம்பியும் பித்தளை பிரஷும் பேரலுக்குள் போகவே கூடாது. எண்ணெய்த் துணியோடு விட்டுவிட்டுச் சுட்டால் புகையும். சுத்தம் செய்தபின் முதல் பத்து இருபது சூடு அங்குமிங்கும் போவது வழக்கம், பேரலில் ஈயம் ஒரு பூச்சாகப் படிந்ததும் தானே ஒடுங்கும். அதனால் போட்டிக்கு முந்தின நாள் யாரும் பேரல் துடைக்க மாட்டார்கள். பெல்லட்டும் துணியும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.